ராபின் ட்ரோவரின் 'பிரிட்ஜ் ஆஃப் சைஸ்' ஆல்பத்தைக் கேட்பது எப்படி

ராபின் ட்ரோவர் என்ற ஆங்கில ராக் கிட்டார்காரரின் பெயரைத் தேடிப் பார்த்தால் இரண்டாவது வரியிலேயே அமெரிக்க கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வந்துவிடுவார். ஐம்பது வருடமாக இதே கதைதான். அதே ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், அதே மார்ஷல் ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி), அதே யூனிவைப் (கிட்டார் ஒலியைச் சுழலவைக்கும் கருவி), அதே மூன்று பேர் குழு, ஆக "இன்னொரு ஹெண்ட்ரிக்ஸ்" என்று ஒரே வரியில் ஆளை முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், கவனிக்கப்படாமலே போனவர் அவர். 1974-ல் வந்த 'பிரிட்ஜ் ஆஃப் சைஸ்' ஆல்பத்தை ரசிக்க வேண்டும் என்றால் முதல் வேலை, அந்த ஒப்பீட்டைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வைப்பது. ஒரேயடியாகத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அதில் உண்மையும் இருக்கிறது, கீழே நானே அதற்குத் திரும்ப வருவேன். ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்க உட்கார்ந்தால் காது "இது அவர் மாதிரி இருக்கிறது, இது இல்லை" என்று மதிப்பெண் போட்டுக்கொண்டே இருக்கும், பாட்டு கையை விட்டுப் போய்விடும்.

இரண்டாவது வேலை, வேகத்தை எதிர்பார்க்காமல் இருப்பது. ராக் கிட்டார் ஆல்பம் என்றதும் சுரங்கள் சரமாரியாகக் கொட்டும் என்று நினைப்பவர்கள்தான் இதைப் பாதியில் அணைத்துவிட்டு "என்ன, எல்லாமே மெதுவாக இருக்கிறது" என்கிறார்கள். ட்ரோவரிடம் கவனிக்க வேண்டியது ஒரு சுரம் பிறந்து முடிவதற்குள் அதற்கு என்னவெல்லாம் நடக்கிறது என்பது. எத்தனை சுரம் வாசித்தார் என்று எண்ணினால் ஏமாந்துதான் போவீர்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும்.

கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கொஞ்சம்

ஆளைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. 1945-ல் லண்டனில் பிறந்து, சவுத்தெண்ட் என்ற கடலோர ஊரில் வளர்ந்தவர். அங்கே பாரமவுண்ட்ஸ் என்ற குழுவில் கேரி புரூக்கருடன் வாசித்தார், அந்த புரூக்கர்தான் பிறகு புரோக்கல் ஹாரம் குழுவின் பாடகரானார். 1967-ல் அவர்களுடைய 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டு பெரிய வெற்றி பெற்ற சமயத்தில் ட்ரோவரும் அந்தக் குழுவுக்கு வந்து சேர்ந்தார். (பதிவு முடிந்த பிறகு சேர்ந்தவர் என்பதால் அந்தப் பாட்டில் அவர் கிட்டார் இல்லை, தேட வேண்டாம்.) பியானோ, ஆர்கன் இரண்டும் இருக்கிற ஒரு குழுவில் கிட்டாருக்கு என்ன இடம் மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். 1971 வரை அந்த இடுக்கில்தான் வாசித்தார். சும்மா இருக்கும் இடத்தைப் பார்த்து, குறைவாக, சரியான நேரத்தில் நுழைவது என்ற பழக்கம் அவருக்கு அங்கிருந்து வந்தது என்பது என் ஊகம்.

1970 செப்டம்பரில் பெர்லினில் ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த அதே நிகழ்ச்சியில் புரோக்கல் ஹாரமும் மேடையேறியது. அதே மாதம் 18-ம் தேதி ஹெண்ட்ரிக்ஸ் இறந்துபோனார். அவர் நினைவாக ட்ரோவர் இசையமைத்த 'சாங் ஃபார் எ ட்ரீமர்' 1971-ல் வந்த 'புரோக்கன் பாரிகேட்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு புரோக்கல் ஹாரமில் அவரால் நிலைக்க முடியவில்லை. வெளியே வந்து ஜூட் என்று ஒரு குழு ஆரம்பித்தார், அது நிற்கவில்லை, ஆனால் அதிலிருந்து ஜேம்ஸ் டூவர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கூடவே வந்தார். பேஸ் கிட்டாரும் அவர், பாட்டும் அவர். டிரம்ஸுக்கு ரெஜ் இசிடோர். 1973-ல் முதல் ஆல்பம் 'ட்வைஸ் ரிமூவ்ட் ஃப்ரம் யெஸ்டர்டே', அடுத்த வருடம் இது.

தயாரிப்பாளர் யார் என்பதைக் கவனியுங்கள்: மேத்யூ ஃபிஷர். 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டில் அந்த ஆர்கனை வாசித்தவர். ஒலிப்பதிவு ஜெஃப் எமரிக், பீட்டில்ஸின் 'ரிவால்வர்', 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பங்களைப் பதிவு செய்தவர். ஒரு ஆர்கன்காரரும் பீட்டில்ஸ் ஒலிப்பதிவாளரும் சேர்ந்து ஒரு கிட்டார் ஆல்பம் செய்தால் அது வெறும் சத்தமாக இருக்காது என்பதை இப்போதே எதிர்பார்க்கலாம். எமரிக் ஆம்புக்கு நெருக்கமாக ஒரு மைக் வைத்ததோடு நிறுத்தாமல், தள்ளித் தள்ளியும் மைக் வைத்துப் பதிவு செய்தார், அதனால் கிட்டாரோடு சேர்ந்து அந்த அறையும் நம் காதுக்கு வருகிறது. இந்த ஆல்பத்தின் ஒலி பெரிதாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இவரை எப்படிக் கவனிக்கப்படாதவர் என்று சொல்ல முடியும், அமெரிக்காவில் இந்த ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 7-வது இடம் வரை போயிற்றே, தங்க ஆல்பம் ஆயிற்றே என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அன்று விற்றது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொந்த நாட்டில் அந்த அளவு வரவேற்பு இல்லை, அன்றைய விமர்சகர்கள் "நகல்" என்று ஒதுக்கினார்கள், சிறந்த கிட்டார்காரர்கள் என்று இன்று யாராவது மூச்சுவிடாமல் பெயர்களை அடுக்கும்போது இவர் அதில் வருவது அபூர்வம். குழுவுக்கு அவர் பெயர், பாடுவது இன்னொருவர், மேடையில் குட்டிக்கரணம் கிடையாது, கிட்டாரைக் கொளுத்துவதும் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு வாயைக் கோணிக்கொண்டு வாசிப்பார், அவ்வளவுதான். போஸ்டரில் ஒட்டுவதற்கு ஏற்ற முகம் இல்லை. கிட்டார் வாசிப்பவர்களிடம் கேளுங்கள், கதை வேறு மாதிரி இருக்கும். கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃப்ரிப் சாதாரண ஆள் இல்லை, அவரே 1974-ல் சேர்ந்து சுற்றுப்பயணம் போனபோது ட்ரோவரிடம் பாடம் கேட்டார்.

கருவி, நேரம், இடம்

செல்போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை. டூவரின் பேஸ் கிட்டார் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வராது, பேஸ் இல்லாவிட்டால் இந்த மெதுவான பாட்டுகள் எல்லாம் எலும்பு இல்லாத உடம்பு மாதிரி தொங்கும். நடுத்தரமான ஹெட்ஃபோன் போதும், விலை உயர்ந்தது வேண்டும் என்று அவசியமில்லை. ஈக்வலைசரில் பேஸ் பூஸ்ட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், பேஸ் ஏற்கெனவே தேவையான அளவு இருக்கிறது, கூட்டினால் யூனிவைப்பின் துடிப்பை அது விழுங்கிவிடும்.

பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் கூடவே கூடாது. இன்னொன்று, நிறையப் பேர் கவனிக்காதது: உங்கள் ஆப்பில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விடும் அமைப்போ, ஒன்றை ஒன்றோடு கலக்கும் அமைப்போ இருந்தால் இரண்டையும் அணையுங்கள். இரண்டாவது பாட்டின் கடைசியில் வரும் காற்றுச் சத்தம் அப்படியே மூன்றாவது பாட்டுக்குள் நுழைகிறது. அங்கே ஒரு விநாடி வெட்டு விழுந்தால் ஆல்பத்தின் நடு முதுகில் அடி விழுந்த மாதிரிதான்.

மொத்தம் எட்டுப் பாட்டு, சுமார் 37 நிமிடம். எல்பி காலத்தில் பக்கத்துக்கு நான்கு. முதல் தடவை ஒரு பக்கத்தோடு நிறுத்தினாலும் தவறில்லை, அப்படிக் கேட்பதற்காகவே அடுக்கப்பட்டவைதான் அவை.

முதல் பக்கம்

'டே ஆஃப் தி ஈகிள்' பாட்டோடு தொடங்குகிறது. வேகமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசை வரி), நேரடியான ராக், இதைக் கேட்டுவிட்டு "சரி, இப்படித்தான் போகும்போல" என்று நினைப்பீர்கள். கடைசிப் பகுதிக்காகக் காத்திருங்கள். பாட்டு சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கும், கிட்டார் ப்ளூஸ் நடையில் நிதானமாகப் பேச ஆரம்பிக்கும், அப்படியே தேய்ந்து மறையும். பலர் இதைப் பாட்டு முடிந்த பிறகு ஒட்டிய வால் என்று நினைத்து அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு அது வால் இல்லை, கதவு. அடுத்து வரப்போகும் நிதானத்துக்கு நம் காதை அங்கேதான் தயார் செய்கிறார்.

அப்புறம் தலைப்புப் பாட்டு. இங்கே கொஞ்ச நேரம் உட்காரலாம்.

'பிரிட்ஜ் ஆஃப் சைஸ்' பாட்டில் நடப்பது என்று பார்த்தால் மிகக் குறைவு. ஒரு சின்ன ரிஃப், கிட்டாரும் பேஸும் கைகோத்து இறங்குகின்றன, டிரம்ஸ் அளந்து அளந்து அடிக்கிறது, டூவர் சூரியன் இல்லாத, குளிர்காற்று வீசும் ஓர் இடத்தைப் பற்றிப் பாடுகிறார். ஐந்து நிமிடம் இவ்வளவுதான். ஆனால் அந்தக் காலப்பிரமாணத்தைக் கவனியுங்கள். இவ்வளவு மெதுவாக வாசித்தும் எங்கும் இழுவையாகத் தெரியவில்லை என்பதுதான் வித்தை. வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேகமாக வாசிக்கும்போது மறைந்துபோகிற பிசிறு எல்லாம் மெதுவாக வாசிக்கும்போது வெளியே வந்துவிடும். ரெஜ் இசிடோர் அடுத்த அடியைக் கொடுப்பதற்கு முன் இருக்கும் அந்த நூலிழைக் காத்திருப்பை முதலில் பிடியுங்கள். ஒரு தடவை டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து முழுப் பாட்டையும் கேட்டால் போதும், அதற்கு அப்புறம் அது மெதுவான பாட்டாகவே தெரியாது.

இதில் பெரிய சோலோ (கிட்டார் முன்னால் வந்து தனியாக வாசிக்கும் பகுதி) எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள், அந்த ரிஃப்தான் பாட்டு. அது ஒவ்வொரு முறை வரும்போதும் கடைசிச் சுரம் எப்படி அடங்குகிறது என்று பாருங்கள். சில இடத்தில் அப்படியே நின்று தேய்கிறது, சில இடத்தில் லேசாக ஆடி அடங்குகிறது. தலைப்பை வைத்து வெனிஸ் நகரத்துச் சிறைப் பாலத்தையும் கைதிகளின் பெருமூச்சையும் சேர்த்துப் பெரிய தத்துவம் எழுதுகிறவர்கள் உண்டு. ட்ரோவர் சொன்ன காரணம் வேறு, ஒரு பந்தயக் குதிரையின் பெயராம் அது. செய்தித்தாளில் பார்த்திருக்கிறார், பிடித்துவிட்டது.

காற்றைக் கடந்து 'இன் திஸ் பிளேஸ்'. ஆல்பத்திலேயே கடைசியாக மனதில் ஏறும் பாட்டு இதுவாகத்தான் இருக்கும், முதல் தடவை "இன்னொரு மெதுவான பாட்டா" என்றுதான் தோன்றும், அப்படித் தோன்றினால் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கடந்துவிடுங்கள். 'தி ஃபூல் அண்ட் மீ' ஃபங்க் தாளத்தில் வருகிறது, டூவரும் சேர்ந்து எழுதியது, முதல் பக்கத்தின் இருட்டுக்குப் பிறகு ஜன்னலைத் திறக்கிற வேலையைச் செய்கிறது.

வளைவும் அசைவும்

இரண்டாவது பக்கத்துக்குப் போவதற்கு முன் கிட்டாரைக் கேட்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே இது உதவும்.

கிட்டாரில் ஒரு சுரத்தை எட்டுவதற்கு இரண்டு வழி. நேராக அந்த ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டத்தில்) விரல் வைக்கலாம். அல்லது கீழே இருக்கும் ஒரு சுரத்தில் விரல் வைத்து, கம்பியைத் தள்ளி வளைத்து மேலே ஏற்றலாம். எல்லா ராக் கிட்டார்காரர்களும் இரண்டையும் செய்கிறவர்கள்தான். ட்ரோவரின் கெட்டிக்காரத்தனம் இரண்டாவது வழியில் இருக்கிறது. எவ்வளவு நேரம் எடுத்து மேலே ஏற்றுகிறார், போய்ச் சேர்ந்த பிறகு உடனே ஆட்டுகிறாரா, கொஞ்சம் அசையாமல் நிறுத்திவிட்டு அப்புறம் ஆட்டுகிறாரா, இறங்கும்போது முழுதாக இறங்குகிறாரா, பாதி வழியில் விட்டுவிடுகிறாரா என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடவையும் வேறு. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதே இல்லை, கமகம் கேட்கிற அதே கவனத்தை இங்கே கொண்டு வந்தால் போதும். சுரங்களுக்கு நடுவே இருக்கும் வழிதான் சங்கீதம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃப்ரிப் எழுதிய ஒரு குறிப்பிலும் ட்ரோவரிடம் அவர் முதலில் பாராட்டுவது இந்த வளைப்பையும் அசைவையும்தான்.

பயிற்சி ஒன்று சொல்கிறேன். ஏதாவது ஒரு சோலோவில் பத்து விநாடியைத் தேர்ந்தெடுங்கள். அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, வாயைத் திறந்து கூடவே முனகிப் பாருங்கள். சுரங்கள் சுலபமாக வந்துவிடும், ஏனென்றால் இருப்பதே கொஞ்சம்தான். ஆனால் அவர் ஏறுகிற அதே வேகத்தில் ஏற முடியாது, அவர் ஆட்டுகிற அதே அகலத்தில் ஆட்ட முடியாது. எங்கே உங்கள் குரல் விலகுகிறதோ, அங்கேதான் அவர் ஏதோ செய்திருக்கிறார் என்று அர்த்தம். கிட்டார் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இதோடு யூனிவைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிட்டார் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி, சுழன்று சுழன்று மூச்சுவிடுவது மாதிரி கேட்கிறதே, அந்தக் கருவி அதுதான். ஜப்பானில் ஷின்-ஐ நிறுவனம் செய்தது. உள்ளே ஒரு சின்ன பல்பு, அதைச் சுற்றி ஒளியை உணரும் நான்கு செல்கள். பல்பு மங்கிப் பிரகாசிக்க, அதற்கேற்ப ஒலியின் கட்டம் நகர்கிறது. பல்பு சூடாவதும் ஆறுவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதால் அந்தத் துடிப்பு சரியான வட்டமாக இல்லாமல் கொஞ்சம் நொண்டும். அந்த நொண்டல்தான் அழகு. பின்னால் வந்த பல நகல் பெடல்களில் துடிப்பு ஒழுங்காக இருக்கும், அதனாலேயே சப்பென்று இருக்கும். கேட்கும்போது கவனிக்க வேண்டியது, ட்ரோவர் அந்தத் துடிப்பின் மேல் எப்படிச் சவாரி செய்கிறார் என்பது. நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு கருவி இரண்டு மூன்று சுற்று சுற்றும்வரை விடுவார், கை ஒன்றும் செய்யாத அந்த நேரத்தில் சுரத்தின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் பக்கம்

'டூ ரோலிங் ஸ்டோன்ட்'. ஏழரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆல்பத்தில் நீளமானது, யாராவது "ஒரே ஒரு பாட்டு சொல்லு" என்றால் நான் சொல்வதும் இதுதான். டூவரின் பேஸ் ரிஃப் முதலில் வரும். செல்போன் ஸ்பீக்கர் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இங்கே புரியும். மேலே ட்ரோவர், ஒலியை 'வா-வா' என்று வாய் திறந்து மூடுவது மாதிரி ஆக்கும் வா-வா பெடலை மிதித்துக்கொண்டு தாளத்தோடு தாளமாக வெட்டி வெட்டிப் போகிறார். முதல் பாதி ஓட்டம். அப்புறம் வண்டி திடீரென்று கியர் இறக்கி, மெதுவான ஷஃபிள் நடைக்கு (துள்ளித் துள்ளிப் போகும் தாளம்) வந்துவிடும், அதற்குப் பிறகு நீண்ட சோலோ.

இந்தச் சோலோவைக் கேட்கும்போது வாசிக்காத இடங்களை எண்ணுங்கள். ஒரு வாக்கியம் வாசிப்பார், நிறுத்துவார். பேஸும் டிரம்ஸும் நடந்துகொண்டே இருக்கும். மறுபடி ஒரு வாக்கியம், முன்னதற்குப் பதில் சொல்வது மாதிரி. அவசரமே கிடையாது. பேச்சு வன்மை உள்ளவர் முழு அவையும் தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்து, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிற நிதானம் அது. மூன்று பேர் மட்டுமே உள்ள குழுவில் கிட்டார் நின்றால் பெரிய ஓட்டை விழும். அந்த ஓட்டையைக் கண்டு பயப்படாமல் இருப்பதுதான் ட்ரோவரின் துணிச்சல்.

'அபௌட் டு பிகின்' கனவு மாதிரி ஒரு மென்மையான பாட்டு. இங்கே கிட்டாரை மறந்துவிட்டு டூவரைக் கேளுங்கள். உண்மையைச் சொன்னால் இந்த ஆல்பத்தில் ட்ரோவரை விடக் குறைவாக மதிக்கப்பட்டவர் இவர்தான். சோல் இசையின் கனம் கொண்ட குரல், ஆனால் கத்துவதே இல்லை. பேஸ் வாசித்துக்கொண்டே இப்படிப் பாடுவது எவ்வளவு கடினம் என்று முயன்றவர்களுக்குத் தெரியும், விரல் ஒரு தாளத்தில், நாக்கு இன்னொரு தாளத்தில். கிட்டார் ஒரு வரியை இழுத்து முடிக்கிற இடத்தில் குரல் எழுவதையும், குரல் தேய்கிற இடத்தில் கிட்டார் அதே மனநிலையை எடுத்துக்கொண்டு தொடர்வதையும் கவனித்தால் இரண்டும் ஒரே ஆளின் இரண்டு தொண்டைகள் மாதிரி இருக்கும். ஹெண்ட்ரிக்ஸின் குழுவில் இது கிடையாது, ஏனென்றால் அங்கே இரண்டும் உண்மையிலேயே ஒரே ஆள்தான். டூவர் 2002-ல் இறந்துபோனார், அவருக்கு வர வேண்டிய பெயர் வரவே இல்லை.

'லேடி லவ்' நல்ல பாட்டுதான், ஆனால் இந்த வரிசையில் கொஞ்சம் சாதாரணம், ரேடியோவுக்காகச் சேர்த்தது போல இருக்கிறது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்கலாம். கடைசியில் 'லிட்டில் பிட் ஆஃப் சிம்பதி', மறுபடி வேகம், மறுபடி வெளிச்சம். மேடையில் நிகழ்ச்சியை முடிப்பதற்கென்றே செய்தது போன்ற பாட்டு, அப்படித்தான் பயன்படுத்தவும் செய்தார்கள்.

இப்போது ஹெண்ட்ரிக்ஸ்

ஓரமாக வைத்த ஒப்பீட்டை இப்போது எடுக்கலாம். ஆல்பம் நன்றாகப் பழகிய பிறகு, ஹெண்ட்ரிக்ஸ் யூனிவைப் போட்டு வாசித்த 'மெஷின் கன்' பாட்டைக் கேட்டுவிட்டு உடனே இதற்கு வாருங்கள். கருவி ஒன்று, ஒலியின் குடும்பம் ஒன்று, அதை மறுப்பவர் யாரும் இல்லை, ட்ரோவரே மறுத்ததில்லை. வித்தியாசம் சுபாவத்தில். ஹெண்ட்ரிக்ஸ் கையில் கிட்டார் எப்போதும் அடுத்த விநாடி என்ன செய்யும் என்று தெரியாத நிலையில் இருக்கும், தாளம், மெட்டு, சத்தம், குண்டு வெடிப்பு எல்லாம் ஒரே மூச்சில் வரும். ட்ரோவர் அந்த ஒலியிலிருந்து ஒரே ஒரு அறையை எடுத்துக்கொண்டு அதற்குள் குடிபோய்விட்டார். நீளமான ஒற்றை வரி, ஆழமான அசைவு, விசாலமான நிதானம். குறுகலான இடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடத்தில் அவர் போன ஆழம் வரை வேறு யாரும் போனதாக எனக்குத் தெரியவில்லை. ப்ளூஸ் கிட்டார்காரர்களான ஆல்பர்ட் கிங், பி.பி. கிங் இருவரையும் கொஞ்சம் கேட்டால் இன்னொன்றும் புரியும்: அந்த வளைவுகளுக்கு வேர் ஹெண்ட்ரிக்ஸுக்கும் முந்தையது, ஹெண்ட்ரிக்ஸும் ட்ரோவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள்.

நீங்கள் கிட்டார் வாசிப்பவர் என்றால் பெடல் வாங்க ஓடுவதற்கு முன், எந்தப் பெடலும் இல்லாமல் தலைப்புப் பாட்டின் ரிஃப்பை வாசித்துப் பாருங்கள். மெட்ரோனோமை ஆல்பத்தின் வேகத்துக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் முழு ஆயுளைக் கொடுத்து வாசியுங்கள். முந்தாமல் வாசிக்க முடிகிறதா? முடியாவிட்டால் பிரச்சினை கருவியில் இல்லை. வளைக்கும்போது எட்ட வேண்டிய சுரத்தை முதலில் நேராக வாசித்துக் காதில் ஏற்றிக்கொண்டு, பிறகு இரண்டு ஃப்ரெட் கீழே இருந்து கம்பியைத் தள்ளி அதே சுருதியில் நிறுத்திப் பழகுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு ஆட்ட வேண்டும், போகும் வழியில் ஆட்டக் கூடாது. விரல் நுனியை மட்டும் ஆட்டாமல் மணிக்கட்டையும் சேர்த்துச் சுழற்றினால்தான் அந்த அகலம் வரும்.

அடுத்து எங்கே போவது

இது பிடித்தவர்களுக்கு அடுத்த படி 1975-ன் 'ஃபார் எர்த் பிலோ'. டிரம்ஸில் இசிடோருக்குப் பதில் பில் லார்டன், ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவிலிருந்து வந்தவர், தாளம் இன்னும் ஃபங்க் பக்கம் சாய்கிறது. ஒலி இந்த ஆல்பத்தை விட மங்கலாக இருக்கும், எனக்கு அது ஒரு குறைதான்.

அதை விட முக்கியம், 1976-ல் வெளியான 'ராபின் ட்ரோவர் லைவ்!'. முந்தைய வருடம் ஸ்டாக்ஹோமில் வாசித்தது. தலைப்புப் பாட்டு அதில் இல்லை, ஏமாற வேண்டாம். 'டூ ரோலிங் ஸ்டோன்ட்' இருக்கிறது, ஸ்டுடியோ பதிவோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், அதே இடைவெளிகள் மேடையில் எப்படி நீள்கின்றன என்று தெரியும். நான் கொஞ்சம் மட்டம் தட்டிய 'லேடி லவ்' கூட அங்கே உயிரோடு இருக்கிறது. மெதுவான பாட்டுகள்தான் உங்களுக்குப் பிடித்தன என்றால் நேராக 'டேட்ரீம்' போடுங்கள். முதல் ஆல்பத்தில் இருந்த பாட்டு, ஆனால் மேடையில் வாசித்த வடிவம்தான் ட்ரோவரின் சிறந்த சோலோ என்று சண்டை போடத் தயாராக இருக்கும் ஆட்கள் நிறைய உண்டு, நானும் அந்தப் பக்கம்தான்.